படிகாரம் கலந்த ஊசியா, நாவடி மாத்திரையா?

ஜூலை மாதத்தில் மொரீசியஸின் வாக்கோவாவில் வெயில் முகம் காட்டுவது அரிது. சாரலும் மூடுபனியுமாக நாள் போகும். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் ஈரம் உறிஞ்சிக் கனத்துக் கிடக்கும். அப்படி ஒரு காலையில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் மகனுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு, ஆண்டு இறுதியில் தேசியத் தேர்வு. எழுந்ததும் இருபது தும்மல் போட்டான். பிறகு மூக்கடைப்போடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பள்ளிக்குக் கிளம்பினான். தோல் பரிசோதனையில் காரணம் தெரிந்துவிட்டது: வீட்டுத் தூசுப் பூச்சி. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பாதி நிவாரணம்தான் தருகிறது. வேரிலேயே கை வைக்கும் சிகிச்சை இரண்டு இருக்கின்றன என்று சொல்லி, டாக்டர் இரண்டு துண்டுத்தாள்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒன்று ஊசி. மற்றொன்று நாக்கின் அடியில் கரையும் மாத்திரை.

தங்கை ஊசித் தாளில் ஓரிடத்தை விரலால் காட்டினாள். "அண்ணா, ஒவ்வாமை என்றால் உடம்பு காரணமில்லாமல் துள்ளுவது என்று நீதானே சொன்னாய்? இதில் அலுமினியம் சேர்த்திருக்கிறார்கள், அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று போட்டிருக்கிறது. துள்ளுகிற மாட்டுக்குத் தார்க்குச்சி எதற்கு?"

உயிரியல் கற்பிக்கும் எனக்கு இதைவிடச் சரியான கேள்வி வகுப்பறையில் வந்ததில்லை. இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட, விலைப்பட்டியலுக்கும் பக்கவிளைவுப் பட்டியலுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்குத்தான் விடை வேண்டும்.

நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளணுவான டி-செல் தானாக எதையும் பகை என்று முடிவு செய்வதில்லை. தோலிலும் சளிச்சவ்விலும் காவல் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல் என்ற கிளைவிட்ட செல், வெளியிலிருந்து வந்த புரதத்தை நறுக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்தி, நிணநீர்க் கணுவுக்குப் போய் டி-செல்லிடம் காட்டுகிறது. இது முதல் செய்தி: "இதோ, இது வந்திருக்கிறது." இரண்டாவது செய்தி, காட்டும் செல் எந்த நிலையில் இருக்கிறது என்பது. அது கலவரப்பட்டிருந்தால் பி7 எனப்படும் புரதங்களை வெளியே நீட்டும். டி-செல்லின் சிடி28 என்ற ஏற்பி அவற்றைப் பற்றிக்கொள்ளும். டி-செல் பெருகிப் போருக்குக் கிளம்பும். அமைதியாக இருந்தால் அந்தக் கைகோப்பு நிகழாது. அப்போது டி-செல் மரத்துப்போகும், அல்லது மடியும், அல்லது மற்றவற்றை அடக்கும் கட்டுப்பாட்டு டி-செல்லாக மாறும். மூன்றாவதாக, காட்டும் செல் சுரக்கும் வேதித் தூதுகள் எந்த வகைப் போர் என்பதைத் தீர்மானிக்கின்றன. "வா" என்ற ஒரே சொல்லைச் சோறு பரிமாறும் அம்மா சொல்வதும் கதவைத் தட்டும் காவலர் சொல்வதும் ஒன்றல்ல. புரதத் துண்டு அந்தச் சொல். மருந்தில் புரதத்தோடு சேர்த்து எதிர்ப்பைத் தூண்டும் பொருளைத் துணையூக்கி என்பார்கள்; ஊசித் தாளில் இருந்த அலுமினியம் அப்படி ஒன்று. துணையூக்கி அந்தச் சொல்லைச் சொல்லும் குரல்.

இந்தக் குரல் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1920-களில் பிரான்சின் காஸ்தோன் ரமோன் டிப்தீரியா மருந்துக்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டிய குதிரைகள் கூடுதலாக எதிர்நச்சு தருவதைக் கண்டார். வேண்டுமென்றே அழற்சி உண்டாக்கினால் என்ன என்று தோன்ற, ரொட்டித் தூளையும் மரவள்ளி மாவையும் கலந்து பார்த்தார். பலித்தது. மஹேபூரில் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் சுடும் ஆலையை நம் தீவில் அறியாதவர் இல்லை. அந்த மாவுதான் நோய்த்தடுப்பியலின் தொடக்கத்தில் நிற்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 1926-இல் லண்டனில் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தைக் கொண்டு டிப்தீரியா நச்சுப் புரதத்தை வீழ்படிவாக்கினார். கண்ணேறு படாமலிருக்க வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்க்கிறார்களே, அதே படிகாரம், ஓர் அலுமினிய உப்பு. இன்று மருந்துகளில் சேர்ப்பது பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ். குலம் அதே குலம்.

துணையூக்கி எதிர்ப்பின் அளவை மட்டும் கூட்டுவதில்லை, அதன் திசையையே மாற்றுகிறது என்பது அடுத்து வந்த பாடம். 1960-களின் தொடக்கத்தில் டேவிட் டிரெசர், மாட்டு இரத்தப் புரதம் ஒன்றைத் திரள்கள் இல்லாதபடி தெளியவைத்து எலிகளுக்குச் செலுத்தினார். எதிர்ப்பு வரவில்லை. அதோடு, பிறகு துணையூக்கியோடு அதே புரதத்தைக் கொடுத்தபோதும் எலிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்நியப் புரதமாக இருப்பது மட்டும் பகைமைக்குப் போதாது. 1989-இல் சார்லஸ் ஜேன்வே இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னார். துணையூக்கி இல்லாமல் எங்கள் சோதனைகள் பலிப்பதில்லை, இது எங்கள் துறையின் அழுக்கான சிறு ரகசியம் என்று ஒப்புக்கொண்டு, நுண்ணுயிர்களின் பொது அடையாளங்களை உணரும் ஏற்பிகள் உடலில் இருக்கவேண்டும் என்று கணித்தார். அவை பிறகு கண்டுபிடிக்கப்பட்டன. 2001-இல் ரால்ப் ஸ்டைன்மனும் சகாக்களும், முட்டையின் வெண்கருவிலுள்ள ஒரு புரதத்தை நேராக டென்ட்ரைட்டிக் செல்களிடமே சேர்க்கும் வழியைப் பிடித்தார்கள். அமைதியான நிலையில் சேர்த்தபோது டி-செல்கள் சிறிது பெருகி மறைந்தன, மிச்சம் சகிப்பு, அதாவது அந்தப் புரதத்தைப் பகையாகப் பார்க்காத நிலை. கூடவே சிடி40 என்ற கதவைத் தட்டிக் கலவரப்படுத்தியபோது நீடித்த எதிர்ப்பு. புரதம் ஒன்றே. குரல் வேறு.

ஃப்ராய்ண்ட் துணையூக்கி இதற்கு இன்னும் கூர்மையான சான்று. இறந்த காசநோய்க் கிருமியைக் கனிம எண்ணெயில் கலந்தது முழு வகை. கிருமி இல்லாத வெறும் எண்ணெய்க் குழம்பு முழுமையற்ற வகை. நரம்புறைப் புரதத்தை முழு வகையோடு கொடுத்தால் எலிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற வாதம் வரும். அதே புரதத்தை வெறும் எண்ணெயோடு கொடுத்தால், பிறகு முழு வகையைக் கொடுத்தாலும் நோய் வராமல் காக்கும். ஒரு துளிக் கிருமித்தூள் இருந்ததா இல்லையா என்பதில் நோய்க்கும் காப்புக்கும் இடையிலான தூரம் அடங்கியிருக்கிறது.

இப்போது தங்கையின் கேள்விக்குத் திரும்பலாம். அது இன்னும் கடுமையாகிறது. ஏனென்றால் அலுமினியக் கூழ் தட்டும் கதவு, ஒவ்வாமைக்காரருக்கு ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவு. அது டி-செல்களை இரண்டாம் வகை உதவிச் செல்களின் பக்கம் சாய்க்கும். இன்டர்லியூக்கின்-4 என்ற வேதித் தூதைச் சுரந்து, ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜி-ஈ என்ற எதிர்ப்பொருளை வளர்ப்பவை அவைதாம். ஆய்வுக்கூடங்களில் எலிக்கு ஆஸ்துமா வரவழைக்க வேண்டுமானால் முட்டைப் புரதத்தைச் சிறிதளவு அலுமினியக் கூழோடு வயிற்றில் செலுத்துவதே பல்லாண்டுப் பழக்கம். அப்படியிருக்க, ஐரோப்பாவின் பெரும்பாலான ஒவ்வாமை ஊசிகளில் அதே கூழ் ஏன்?

காரணங்கள் இரண்டு. முதலாவது பாதுகாப்பு. ஒவ்வாமை உள்ளவருக்கு அவருடைய எதிரிப் புரதத்தையே செலுத்துகிறோம். அது ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி வரலாம். கூழில் ஒட்டிய புரதம் மெல்ல மெல்லக் கசிகிறது. இங்கே அலுமினியம் முதன்மையாகத் தூண்டுகோலாக வரவில்லை, கடிவாளமாக வந்தது. இரண்டாவது, அளவும் காலமும். எலிக்குக் கொடுப்பது ஒன்றிரண்டு சிற்றளவு. மனிதருக்குக் கொடுப்பது வாரந்தோறும் கூடிக்கொண்டே போய், பிறகு மூன்று ஆண்டுகள் நீடிக்கும் பேரளவு. முதல் மாதங்களில் ஐஜி-ஈ உயரத்தான் செய்கிறது. ஆனால் பேரளவு தொடரத் தொடர, இன்டர்லியூக்கின்-10 என்ற அமைதித் தூதைச் சுரக்கும் கட்டுப்பாட்டு டி-செல்கள் தலையெடுக்கின்றன. எதிர்ப்பொருளை உருவாக்கும் பி-செல்கள் ஐஜி-ஜி4 என்ற சாதுவான எதிர்ப்பொருளுக்கு மாறுகின்றன. அது ஐஜி-ஈக்கு முன்பாகவே புரதத்தைப் பிடித்து மறைத்துவிடுகிறது. ஆக, ஊசி சகிப்பைத் தருவது துணையூக்கியால் அல்ல. துணையூக்கியையும் மீறி, அளவாலும் பொறுமையாலும் தருகிறது. இது என் தீர்ப்பு. அமெரிக்காவில் கூழே இல்லாத நீர்ச்சாறு ஊசிகள் நெடுங்காலமாகப் பயன்படுவது இதற்கு ஒத்துப்போகிறது.

கட்டுப்பாட்டு டி-செல் என்றால் வெறும் கருத்து என்று பலர் எண்ணிய காலம் உண்டு. 1995-இல் ஷிமோன் சகாகுச்சி அவற்றை அடையாளம் காட்டினார். 2025-இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வாமைக்கு எதிரான சிகிச்சை எதுவானாலும் இந்தச் செல்களை வளர்க்கிறதா என்பதே உரைகல்.

நாவடி மாத்திரை இந்த உரைகல்லில் வேறு வழியில் தேறுகிறது. அதில் துணையூக்கி இல்லை. தூசுப் பூச்சியின் புரதம் மட்டும், அதுவும் தினமும். நம்பியிருப்பது வாயின் இயல்பை. நாள்தோறும் சோறும் பருப்பும் மீனும் கீரையும் கோடிக்கணக்கான கிருமிகளும் கடந்துபோகும் இடம் அது. ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் பிழைக்க முடியாது. அங்குள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் சகிப்பையே முதல் வழக்கமாகக் கொண்டவை; அழற்சியை உண்டாக்கும் செல்களும் அங்கே குறைவு. அதே புரதத்தை அமைதியான குரலில் சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மாத்திரையின் உத்தி. டிரெசரின் தெளிந்த புரதமும் ஸ்டைன்மனின் கலவரப்படாத செல்லும் காட்டிய பாதையில் இது நேராக நடக்கிறது.

இன்னொரு செய்தியையும் தங்கையிடம் சொன்னேன். தூசுப் பூச்சி வெறுங்கையோடு வருவதில்லை. அதன் டெர் பி 1 புரதம் ஒரு நொதி. சளிச்சவ்வுச் செல்களை இணைக்கும் பூட்டுகளை அறுக்கிறது. டெர் பி 2, நம் உடலில் கிருமியை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பியின் துணைப் புரதத்தைப் போலவே வேடமிட்டு அபாய மணியை அடிக்கிறது. தனக்கான துணையூக்கியைத் தானே சுமந்து வரும் பிராணி அது. மூக்கு வழியாக ஒவ்வொரு இரவும் அது கலவரக் குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது, நாமும் இன்னொரு துணையூக்கியைச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை.

மூன்றாவது ஒரு வகைத் துணையூக்கியும் உண்டு. சால்மொனெல்லா கிருமியின் உறையிலிருந்து நஞ்சு குறைத்து எடுத்த எம்பிஎல். அக்கித் தடுப்பூசியிலும் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசிகளுள் ஒன்றிலும் இருப்பது இதுவே. மகரந்த ஒவ்வாமைக்கு நான்கே ஊசிகளில் முடியும் சிகிச்சையில் ஐரோப்பாவில் பயன்படுகிறது. டி-செல்லை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைப் பக்கம் திருப்புகிறது. நல்ல உத்திதான். என்றாலும் ஒரு சண்டையை இன்னொரு சண்டையால் மாற்றுவது சகிப்பு ஆகாது. எங்கள் முன்னிருந்த தாள்களில் அது இல்லாததால் அதோடு விட்டுவிட்டோம்.

ஸ்பிரேயையும் தும்மலை அடக்கும் சாதாரண ஒவ்வாமை மாத்திரையையும் மட்டும் தொடர்வது முதல் வாய்ப்பாக எப்போதும் இருக்கிறது. அது டி-செல்லுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. நிறுத்தினால் தும்மல் திரும்பும். தொல்லை லேசானவர்களுக்கு அதுவே போதும். இவனுக்கு லேசாக இல்லை.

பலனில் எது மேல்? இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. மறைமுக ஒப்பீடுகளில் ஊசி சற்று முன்னால் நிற்கிறது. மகரந்த ஒவ்வாமை உள்ள 205 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மூன்று ஆண்டு ஊசி போட்டு, எல்லோரையும் தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகள்வரை பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆஸ்துமா குறைவாகவே வந்தது. புல் மகரந்த மாத்திரையை 812 குழந்தைகளிடம் சோதித்தபோது, ஆஸ்துமா தொடங்கும் காலம் தள்ளிப்போகவில்லை. ஆஸ்துமா அறிகுறிகள் மட்டும் கணிசமாகக் குறைந்தன. இதைத் தங்கையிடம் மறைக்கவில்லை. ஊசியின் பக்கம் இருக்கும் வலுவான வாதம் இதுவே.

எதிர்ப்பக்கத்தில் பாதுகாப்பு. ஆயிரம் ஊசி வருகைகளில் ஒன்றிரண்டில் உடல் முழுதும் பரவும் எதிர்வினை வருகிறது. உயிரிழப்பு மிக மிக அரிது, ஆனால் நிகழ்ந்திருக்கிறது. பிரிட்டனில் 1957 முதல் 26 மரணங்கள் பதிவான பிறகு 1986-இல் இந்த ஊசிகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆஸ்துமா அடங்காதவருக்குப் போடக்கூடாது என்ற விதிகள். மாத்திரையில் தொல்லை பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும்: நாக்கடியில் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு, காதில் ஒரு குறுகுறுப்பு. முதல் மாத்திரையை டாக்டர் முன்னிலையில் போட்டு அரை மணி நேரம் இருக்க வேண்டும், மற்றவை வீட்டில். பல் பிடுங்கினால், வாயில் புண் இருந்தால் சில நாள் நிறுத்திவைக்க வேண்டும்.

ஏட்டில் எழுதாத விஷயம் நம் தீவு. எனக்கு இருபத்திரண்டு வயதில் இதே பூச்சிக்கு ஊசி தொடங்கினார்கள். வாரம் ஒன்றாக ஏறி, மாதம் ஒன்று என்ற நிலைக்கு வந்தபோது பிப்ரவரி. அடுத்தடுத்துப் புயல் எச்சரிக்கை. பஸ் இல்லை, மருத்துவமனைக்குப் போக வழியில்லை. தவணை தவறினால் அளவைக் குறைத்து மீண்டும் ஏற வேண்டும். இரண்டு முறை அப்படி இறங்கி ஏறினேன். எட்டாம் மாதத்தில் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்றும் உண்டு, ஏனென்றால் பாதியில் விட்டால் டி-செல்கள் பாடத்தை மறந்துவிடும். 106 பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் ஊசியோ மாத்திரையோ இரண்டு ஆண்டு கொடுத்து நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. மூன்று ஆண்டு என்பது மருத்துவர் வசதிக்காகச் சொல்லும் எண் அல்ல.

மூன்று ஆண்டில் ஊசியென்றால் ஏறத்தாழ ஐம்பது பயணம். மாத்திரையென்றால் 1,095 காலைகள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும்; புயலில் மின்சாரம் போனால் கவலை. பரவலாக விற்கும் உறைய வைத்து உலர்த்திய மாத்திரைக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. ஆனால் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் அதில் இருக்கிறது: அந்த மாத்திரை மீனிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது. தைப்பூசக் காவடிக்கு மாலை போட்டுப் பத்து நாள் விரதம் இருப்பவன் என் மருமகன். புரட்டாசியில் வீடே சைவம். இதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பாதியில் தெரிந்து நிறுத்துவது மோசம். மருந்துக்கு விலக்கு உண்டா என்று கோவில் குருக்களிடம் தங்கை கேட்கப்போகிறாள். விலக்கு மனதுக்கு ஒப்பவில்லையென்றால் ஜெலட்டின் இல்லாத, அழுத்தி உருவாக்கும் மாத்திரை கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னேன். வெப்பமண்டலத்தில் புளோமியா டிராபிகாலிஸ் என்ற வேறொரு பூச்சியும் ஒவ்வாமை தருகிறது. விற்பனையிலுள்ள மாத்திரைகளில் டெர்மட்டோபகாய்டஸ் இனத்தின் இரண்டு பூச்சிகள் மட்டுமே உண்டு. பரிசோதனையில் எந்தப் பூச்சிக்குத் தோல் தடித்தது என்று பார்க்காமல் மூன்று ஆண்டைச் செலவிடக்கூடாது.

எழுந்திருக்கும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள். "சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளிலும் இதே அலுமினியம்தானே? அதனால்தான் இவனுக்கு இப்படி ஆனதா?" அந்தக் கேள்வியை அவள் பல நாளாகச் சுமந்திருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. இல்லை. டென்மார்க்கில் 1997 முதல் 2018 வரை பிறந்த சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். தடுப்பூசி அலுமினியம் கூடியதால் ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ கூடவில்லை. தடுப்பூசியில் கூழோடு போவது டெட்டனஸ், டிப்தீரியா போன்றவற்றின் புரதம். தூசுப் பூச்சியின் புரதம் அல்ல. டி-செல் கற்பது தன்னிடம் காட்டியதைத்தான்.

அவனுக்கு நான் மாத்திரையைச் சொன்னேன். தினமும் காலையில் பல் துலக்கியதும் அம்மா பக்கத்தில் நிற்பாள். ஒரு நிமிடம் விழுங்காமல், ஐந்து நிமிடம் எதுவும் உண்ணாமல் குடிக்காமல். முதல் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்; அதுவரை ஸ்பிரே தொடரும். தினசரி ஒழுங்கு கைவராதவர், தனியே வாழும் இளைஞர், வாரம் ஒருநாள் மட்டுமே தன்னைக் கவனித்துக்கொள்ளும் உழைப்பாளி என்னிடம் கேட்டால் ஊசியையே சொல்வேன், புயல் மாதங்கள் கடந்து மே மாதத்தில் தொடங்கச் சொல்லி. அலுமினியம் கலந்திருந்தாலும் மூன்று ஆண்டு முழுதாகப் போட்ட ஊசி, இழுப்பறையில் பாதி காலியாகாமல் கிடக்கும் மாத்திரை அட்டையைவிட டி-செல்லுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மெத்தைக்குப் பூச்சி நுழையாத உறை வாங்கிவர நாங்கள் இருவரும் பக்கத்து ஊரான கூர்ப்பிப்புக்குக் கிளம்பினோம். சாரல் விடவில்லை.